கடைமடையில் ஒரு விமானதளம்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். "கால ஆட்டாதீங்க, வீட்டுக்கு ஆகாது" என்பாள் என் மனைவி. ஆனால் ஆண்டவர் எனக்கு அளந்ததோ நாள் முழுக்க நாற்காலியில் கிடக்கிற பிழைப்பு. தஞ்சாவூரில் பேனர் வடிவமைக்கிறேன். காதுகுத்து, கடைத் திறப்பு, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. ஊரிலுள்ள மாமன் மச்சான் முகங்களையெல்லாம் வெட்டியெடுத்து, கொஞ்சம் வெளுப்பாக்கி, கைகூப்ப வைத்து, ஒரே சதுரத்தில் ஒட்ட வேண்டும். மாமா முகத்தைவிடச் சித்தப்பா முகம் அரை விரற்கடை பெரிதாகிவிட்டால் அன்றைக்கு அந்தக் குடும்பத்தில் குத்துவெட்டுதான்.

இந்த ரணகளத்துக்கு நடுவில் தலைக்கு மேல் விமானப்படை விமானம் வானத்தைக் கிழித்துக்கொண்டு போகும். தஞ்சாவூர்க்காரர்கள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பேசிக்கொண்டிருப்பவர் பேச்சை நிறுத்துவார், சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். நான் மட்டும் மவுஸைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். போய்ச் சேர்வதற்குள் அது பட்டுக்கோட்டையைத் தாண்டியிருக்கும். வெறும் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்காருவேன். இப்படியே எத்தனை வருஷம் ஓடியது என்று நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

அந்த எரிச்சலுக்கு மருந்தாகத்தான் சிமுலேட்டருக்குள் புகுந்தேன். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு அது. விளையாட்டு என்று சொன்னால் அதில் கிடக்கிறவர்களுக்குக் கோபம் வரும், எனக்கும் வரும். ஓட்டிப் பழகிய பிறகு ஓட்டுவதைவிட இன்னொன்றில் கை ஊறியது. விமானத்துக்குத் தோல் செய்வது. ஸ்கின் என்பார்கள். விமானத்தின் மேல்தோல் முழுவதையும் உரித்து ஒரு சதுரத்தில் பரப்பியதுபோல ஒரு படம் இருக்கும். இறக்கை ஒரு மூலையில், வால் ஒரு மூலையில், வயிறு இரண்டாகப் பிளந்து நடுவில். அதில் எதை வரைகிறோமோ அது போய் விமானத்தின் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். தகடுகள் சேரும் கோடு, ஆணித் தலை, நெருப்பு கக்கும் வாயைச் சுற்றிப் படியும் கரி, மெக்கானிக் ஏறி ஏறிப் பெயிண்ட் தேய்ந்த இடம் என்று ஒவ்வொன்றாகப் போட வேண்டும். முகம் வெளுப்பாக்கிச் சலித்த கைக்கு அது எப்பேர்ப்பட்ட சுகம் என்று சொன்னால் புரியாது.

இருக்கிற நாட்டு விமானங்களுக்குத் தோல் போட உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. நான் போடுவது இல்லாத நாட்டுக்கு. எங்கள் கூட்டத்தில் பலரும் இப்படித்தான். போலந்துக்காரர் ஒருவர், எப்போதோ அழிந்துபோன ஒரு ராஜ்ஜியம் அழியாமல் இருந்திருந்தால் அதன் ஜெட் எப்படி இருக்கும் என்று வரைந்து தள்ளுகிறார். சரித்திரம் ஒரு திருப்பத்தில் வேறு பக்கம் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் விளையாட்டு.

என் நாடு தரங்கம்பாடி. டென்மார்க்காரர்கள் வந்து கோட்டை கட்டினார்கள், அவர்கள் கப்பலில் வந்த போதகர்கள் அச்சுக்கூடம் வைத்தார்கள், எங்கள் முன்னோரை லுத்தரன் கிறிஸ்தவர்கள் ஆக்கினார்கள், கடைசியில் ஊரை இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இது நடந்த கதை. என் கதையில் பேரம் படியவில்லை. ஊர் விற்கப்படவில்லை. கோட்டையும் கடலும் பின்னால் கொஞ்சம் கடைமடை வயலுமாக ஒரு குட்டி நாடு இன்றுவரை நிற்கிறது. குட்டி நாடானாலும் அதற்கு விமானப்படை உண்டு. இரட்டை முக்கோண இறக்கை வைத்த பழைய ஜெட், சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளை நெற்கதிர், அதன்மேல் ஒரு கிரீடம், வாலில் தமிழ் எண்கள். கடற்காற்றில் ஆணித் தலைகளில் உப்புத்துரு. டென்மார்க்கிலிருந்து ஒருவர், உங்கள் சின்னத்தில் எங்கள் கிரீடம் சரியாக வரவில்லை என்று எழுதினார். உங்கள் கிரீடத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இது எங்கள் ஊர்க் கிரீடம் என்று பதில் போட்டேன். எனக்கு முன்கோபம் கொஞ்சம் ஜாஸ்தி.

போர் விமானத்தின் முதுகு, கீழே இருக்கும் நிலத்தோடு கலந்து மறைய வேண்டும். பாலைவன நாட்டுக்குச் சுலபம், மணல் நிறத்தை அடித்துவிட்டுப் போய்விடுவான். டெல்டாவில் அப்படியா? நாற்றங்கால் பச்சை கண்ணைக் கூசவைக்கும். நட்ட வயல் பாதி தண்ணீர், பாதி பச்சை. கதிர் வாங்கினால் மஞ்சள் ஏறும். அறுத்த தாள் வெளிறிப்போகும், அப்புறம் அதிலேயே உளுந்து கருப்பச்சையாக எழும்பும். ஆகவே என் விமானப்படையில் ஒரு வழக்கம் வைத்தேன். பருவத்துக்கு ஒரு தோல். காவிரியில் தண்ணீர் திறந்த செய்தி வந்தால் விமானங்கள் எல்லாம் கொட்டகைக்குப் போய்க் குறுவைத் தோல் போட்டுக்கொண்டு வரும். "எனக்கு கிறிஸ்மஸுக்கு ஒரு பொடவ எடுக்க நேரமில்ல, ஏரோப்ளேனுக்கு வருசத்துக்கு நாலு பொடவ" என்றாள் மனைவி. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

பச்சையை எங்கிருந்து எடுப்பது? சித்தியின் வயலிலிருந்து எடுத்தேன். சித்தி, என் அம்மாவின் தங்கை. தரங்கம்பாடிக்குப் பக்கத்தில், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடைக் கிராமம் ஒன்றில், சித்தப்பாவோடு நாலு மா நிலத்தில், ஏக்கர் கணக்கில் ஒன்றேகால் வரும், பயிர் வைக்கிறாள். போகும்போதெல்லாம் போனில் அந்த வயலைப் படம் எடுத்து வந்து, படத்திலிருந்து பச்சையை உறிஞ்சி விமானத்தின் முதுகில் பூசுவேன். பிறகு விமானம் நிற்க ஒரு தளம் வேண்டியிருந்தது. அதற்கும் நிலத்தின் படம் வேண்டும், மேடு பள்ளம் தெரிந்த இடமாக இருக்க வேண்டும். எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரிந்த நிலம் அது ஒன்றுதான். அங்கேயே ஓடுபாதையைப் போட்டேன். வாய்க்கால், மதகு, இரட்டைப் பனை, ரோட்டோரத்து சர்ச் எல்லாம் அப்படியே. நடுவில் நீளமாகக் கான்கிரீட்.

முதல் குறுவைத் தோல் முடிந்ததும் ஒரு படம் பிடித்தேன். வயலுக்கு மேல் தாழப் பறக்கிற ஜெட். பின்னால் ஓடுபாதை, முன்னால் மதகு. பேனர் போடுகிற கைக்குப் படத்தில் மூலை காலியாக இருந்தால் அரிக்கும். மூலையில் கிரீடமும் கதிரும் சேர்ந்த முத்திரை ஒன்றை வைத்து, கீழே 'தரங்கம்பாடி விமானப்படைத் தளம்' என்று நல்ல கனமான எழுத்தில் போட்டு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏற்றிவிட்டுத் தூங்கப் போனேன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான்.

இரண்டு நாள் கழித்துச் சித்தி போன் செய்தாள்.

"டேய், நம்ம வயல்ல ஏரோப்ளேன் எறங்கப் போவுதாமே?"

"என்ன சித்தி சொல்றீங்க?"

"படம் வந்துட்டுடா எல்லார் போனுலயும். நம்ம மதகு இருக்கு, ரெட்டப் பன இருக்கு. கவுருமெண்டு முத்திர குத்திருக்கு."

"சித்தி, அது நான் போட்ட படம். கம்ப்யூட்டர்ல வரைஞ்சது. சும்மா ஒரு கத."

"கதயா? ஊர்ல ஒருத்தனும் நாத்து விடமாட்டேன்னு ஒக்காந்துருக்கான். நான் வெதைய மூட்டம் போட்டு வெச்சிருக்கேன். முளைச்சு நிக்கிதுடா."

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். நாற்றங்காலில் தூவுவதற்கு முன்னால் விதைநெல்லை ஊற வைத்து, வடித்து, சாக்கில் கட்டி வைக்கோலுக்கு அடியில் வைப்பார்கள். அதுதான் மூட்டம். உள்சூட்டில் முளை எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்ததும் சேற்றில் தூவிவிட வேண்டும். விட்டால் முளை நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், பிரித்தால் ஒடியும், விதை போச்சு. கடைமடையில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். இந்த முறையை விட்டால் அடுத்த முறை எப்போதென்று யாருக்கும் தெரியாது. குறுவை தள்ளிப்போனால் அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும்.

"நீங்க மட்டும் விதைச்சிட வேண்டியதுதானே?"

"நல்லா கேட்ட போ. ஊரே தரிசா கெடக்க எங்க நாத்து மட்டும் பச்சையா நின்னா ஊர் ஆடும் குருவியும் எங்க போவும்? ஒங்க சித்தப்பாவே விடமாட்டேங்குறாரு. எடுத்துக்கப் போற நெலத்துல எதுக்குச் சேத்த மிதிக்கணும்ங்குறாரு."

சித்தப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவரிடம் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். டென்மார்க், கோட்டை, படியாத பேரம் என்று சொல்லிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் இரண்டே கேள்வி கேட்டார்.

"தஞ்சாவூர்ல ஏரோப்ளேன் இருக்குல்ல?"

"இருக்கு."

"நீ தஞ்சாவூர்லதான இருக்க?"

"ஆமா."

"அப்பறம் என்னா? ஒனக்குத் தெரியாமயா இருக்கும்? சொல்லக் கூடாதுன்னு சொல்லிருப்பாங்க. சொல்லாத. எங்களுக்குப் புரியுது."

போனை வைத்துவிட்டார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. டெல்டாவில் முன்னாலேயே குழாய் பதிக்கிறோம், துளை போடுகிறோம் என்று யார் யாரோ வந்து போயிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதலில் 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்றுதான் ஆரம்பித்தது. ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னாலே எங்கள் ஜனங்களுக்குக் குலை நடுங்கும்.

ஸ்டேட்டஸை அழித்தேன். அழித்ததும் இன்னும் மோசமாயிற்று. 'பாத்தியா, மேலேருந்து சொல்லி எடுக்க வெச்சுட்டாங்க' என்று ஒரு குரல் பதிவு சுற்ற ஆரம்பித்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது சும்மாவா? அறைக்குள் இப்படியும் அப்படியும் நடந்தேன். போனை எடுப்பேன், வைப்பேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள், "போன்ல சொன்னா நம்ப மாட்டாங்க. பொட்டியத் தூக்கிட்டுப் போய் கண்ணெதிர்லயே போட்டுக் காட்டுங்க. அங்க சித்தி வெதைய வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க, நீங்க இங்க நடந்து என்ன ஆவப் போவுது?"

மறுநாள் விடிந்ததும் சி.பி.யூ.வை ஒரு போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஜாய்ஸ்டிக் பையில். கண்டக்டர் குனிந்து பார்த்து, "கொழந்த தூங்குதா சார்?" என்றார். "கம்ப்யூட்டர்" என்றேன். "அப்ப லக்கேஜ் போட்டுருவோம்" என்றார். கும்பகோணத்தில் ஒரு பஸ், மயிலாடுதுறையில் ஒரு பஸ். ஒவ்வொரு வேகத்தடையிலும் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வழியெல்லாம் வயலில் தண்ணீர் பளபளத்தது. டிராக்டர் சேறடித்துக்கொண்டிருந்தது, சில இடங்களில் நாற்று ஏற்கெனவே கிளம்பி நின்றது. ஊர் உலகமே விதைத்துக்கொண்டிருக்கிறது, என்னால் ஒரு கிராமம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. வண்டி எந்த நிறுத்தத்தில் நின்றாலும் டிரைவரைத் திட்டினேன், வாய்க்குள்தான்.

சித்தி என்னை வா என்றுகூடச் சொல்லவில்லை. நேரே கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போய் வைக்கோலை விலக்கிச் சாக்கைப் பிரித்தாள். புளித்த வாடையோடு ஆவி அடித்தது. கையை விட்டேன். காய்ச்சல்கார உடம்பு போலச் சுட்டது. வெள்ளை வெள்ளையாய் முளை நீண்டு பின்ன ஆரம்பித்திருந்தது.

"நேத்தே வெதச்சிருக்கணும்" என்றாள். "தண்ணி தெளிச்சுத் தெளிச்சு வெச்சிருக்கேன். இன்னிக்கிச் சாயங்காலத்துக்குள்ள சேத்துல விழலன்னா மாட்டுக்குத்தான் போடணும்."

"நான் பாத்துக்கறேன் சித்தி."

"நீதான்டா பாத்துக்கணும்" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு வலித்தது.

பெட்டிக்கு டி.வி. வேண்டும். கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருக்கிற பாயிடம் பெரிய டி.வி. இருந்தது. துபாயிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. அவர் கடைக்கு வந்தவர்கள்தான் அந்தப் படத்தைப் பெரிதுபடுத்தி மதகை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். "வாங்க தம்பி, உங்கள வெச்சுத்தான் ஊரே ஓடுது" என்று சிரித்தபடி ஒயரை எடுத்துக் கொடுத்தார். வெயில் ஏறும்போது கடை வாசல் நிறைந்துவிட்டது. சித்தப்பா முன்னால் வந்து நின்றார், கைகளைக் கட்டிக்கொண்டு. சித்தி கதவோரம்.

ஓடுபாதையிலிருந்து விமானத்தைக் கிளப்பினேன். மேலே ஏறி வளைத்து வாய்க்காலோரமாகக் கொண்டுவந்தேன். நான் எதிர்பார்த்தது, பார்த்ததும் இது பொம்மை என்று சிரிப்பார்கள் என்று. நடந்தது வேறு.

"அதோ மதவு!"

"சர்ச்சு, சர்ச்சு பாரு, மணிக்கூண்டோட!"

"யப்பா, என் வயலு வரப்பு வளைஞ்சு போவும்ல, அப்புடியே வளைச்சுருக்கான்."

கொஞ்ச நேரம் சந்தோஷமாகத்தான் கத்தினார்கள். பிறகு ஒவ்வொரு குரலாக அடங்கியது. சித்தப்பா மெதுவாகச் சொன்னார், "வரப்பு வளைவு வரைக்கும் அளந்துட்டாங்க. அப்ப முடிவு பண்ணிட்டாங்கன்னுதான் அர்த்தம்." எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பெரியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை. எவ்வளவு நிஜமாகச் செய்தேனோ அவ்வளவுக்கு அவர்கள் பயந்தார்கள். எந்த நேர்த்தியை நினைத்து இரவெல்லாம் பூரித்தேனோ அதுவே என் கழுத்தைப் பிடித்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க!" என்று கத்தினேன். "சித்தப்பா, இப்புடி வாங்க. கையெடுத்துக் கும்புடுங்க."

"யார?"

"யாரயாச்சும் கும்புடுங்க!"

அவர் திகைத்துப்போய் டி.வி.யையே கும்பிட்டார். போனில் ஒரு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். உரித்த ஆட்டுத்தோல்போல் விரிந்து கிடக்கும் விமானத் தோலைத் திறந்தேன். அத்தனை நாள் உறிஞ்சி உறிஞ்சிப் பூசின குறுவைப் பச்சையின்மேல் மஞ்சளைக் கொட்டினேன். இறக்கையில் ரோஜாப்பூ பார்டர் ஓடவிட்டேன். இதிலெல்லாம் என் கைக்கு யோசனையே வேண்டாம், சோறு போடுகிற தொழிலல்லவா. சித்தப்பாவின் முகத்தை வெட்டி, வழக்கம்போல் கொஞ்சம் வெளுப்பாக்கி, வால் முழுக்க ஒட்டினேன். வயிற்றில் 'வருக வருக' என்று எழுதினேன். பின்னால் ஒவ்வொருவராக நெருங்கி வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பது மூச்சுக்காற்றில் தெரிந்தது. மறுபடி விமானத்தைக் கிளப்பினேன்.

மதகுக்கு மேலே, இடி முழக்கத்தோடு, வாலில் கைகூப்பியபடி சித்தப்பா பறந்து போனார்.

வெடித்தது பாருங்கள் சிரிப்பு! பாய் மேஜையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "யோவ், கவுருமெண்டுல ஆதார் கார்டுலயே என் மூஞ்சிய ஒழுங்காப் போட மாட்டேங்குறான், ஒம் மூஞ்சிய ஏரோப்ளேன்லயா போடுவான்?" என்றார் உட்கார்ந்துவிட்ட அந்தப் பெரியவர். சித்தப்பாவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இன்னொரு வாட்டி ஓட்டு" என்றார். ஓட்டினேன். மூன்றாவது தரம் ஓட்டும்போது யாரோ, "போதும்ப்பா, தண்ணி இருக்கயிலேயே வேலயப் பாப்போம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். அந்தத் துண்டின் சத்தம் எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று வாய்விட்டே சொன்னேன்.

கூட்டம் கலைந்தது. சித்தி மட்டும் கதவோரத்தை விட்டு நகரவில்லை. அவள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"அத மறுபடி கீழ எறக்கு" என்றாள்.

இறக்கினேன்.

"வடக்க திருப்பு. மதவுலேருந்து ரெண்டு வயல் தள்ளி. இங்கதான நம்ம வீடு?"

திரையில் சாம்பல் நிறக் கான்கிரீட் தெரிந்தது. நடுவில் மஞ்சள் கோடு. ஓரத்தில், நான் ஆசை ஆசையாகப் போட்டிருந்த எண்ணெய்க் கறை. விமானம் ஓடுபாதையிலிருந்து திரும்பிக் கொட்டகைக்குப் போகிற வழி அது.

"அது ஏரோப்ளேன் திரும்புற எடம் சித்தி."

"அப்ப வீடு?"

"இந்தக் கதையில... வீடு இல்ல."

"பக்கத்து வீடுங்க?"

"அதுவும் இல்ல."

சித்தி திரைக்கு இன்னும் கிட்டே வந்தாள். "நாங்க எங்க போனோம்?"

அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது கிடையாது. எண்ணெய்க் கப்பல் எந்தத் துறையில் நிற்கும், பைலட்டுகள் காலையில் என்ன சாப்பிடுவார்கள், மழைக்காலத்தில் எந்தக் கொட்டகை ஒழுகும், எல்லாம் யோசித்திருக்கிறேன். வயலோரத்தில் வரிசையாய் நிற்கிற அந்த நாலைந்து வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்று யோசித்ததே இல்லை. அவர்களை நான் விரட்டவும் இல்லை. சமதரை வேண்டியிருந்தது, ஒரு இழுப்பில் துடைத்தேன். ஒரு ஆணித் தலை வரைய ஆகிற நேரம்கூட ஆகவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கததானடி, வா" என்றார் சித்தப்பா வாசலிலிருந்து.

"கததான்" என்றாள் சித்தி. "கதயிலகூட நம்மளத்தான எடுத்துருக்கான்."

அவள் பின்னால் கொல்லைக்கு ஓடினேன். சாக்கை நானே தூக்கி வயலுக்குக் கொண்டுபோனேன். சூடான தண்ணீர் முதுகில் வழிந்தது. சித்தப்பா காலையிலிருந்து கிடந்த வேலையையெல்லாம் ஒரே மூச்சில் முடிக்கிறவர்போல் பலகை இழுத்துச் சேற்றைச் சமன் செய்தார். சுற்றுமுற்றும் எல்லா நாற்றங்காலிலும் ஆள் இறங்கியிருந்தது. வரப்புக்கு வரப்பு ஒருவரையொருவர் கூப்பிட்டு, 'வருக வருக' என்று சித்தப்பாவைக் கேலி செய்தார்கள்.

சித்தி கூடையில் விதையைக் கொட்டி, பின்னிக் கிடந்த முளைகளைப் பிரித்தாள். தலை சிக்கெடுப்பதுபோல மெதுவாக, ஒடியாமல். சிலது ஒடிந்தது. ஒடிந்ததைத் தள்ளிவைக்காமல் அதையும் சேர்த்தே அள்ளி வீசினாள். முக்கால்வாசி பிழைக்கும் என்றாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் கால் வைக்கப் போனேன். "நீ மேலயே நில்லு, மிதிச்சுக் கெடுக்காத" என்று சொல்லிவிட்டாள்.

வரப்பில் நின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது.

"சித்தி, வீட்ட அப்படியே திரும்ப வெச்சுடறேன். எல்லா வீட்டயும். ஊருக்குப் போனதும் மொத வேல அதான்."

"ம்."

"ஓடுபாதைய நகத்திட்டாப் போச்சு. தெக்கால எடம் கெடக்கு பாருங்க, நெறைய."

சித்தி அடுத்த கை விதையை அள்ளினாள். வீசவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அது யாரு வயலு?" என்றாள்.

தெற்கே அந்த வயலில் முழங்கால் சேற்றில் நின்று ஒருவர் விதை தூவிக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சுச் சத்தம் கேட்டுத் திரும்பியவர், என்னை அடையாளம் கண்டு, கையில் விதையோடு கும்பிடு போட்டுச் சிரித்தார்.